தை மாதக் கல்யாணத்து மணவறைக்கு உலர்பூவும் துணிப்பூவும் வைக்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டைக்காரி

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு வருகிற தை மாதம் பாளையங்கோட்டையில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மணவறையின் அகலம் 12 அடி, உயரம் 8 அடி. முழுவதும் பச்சைப் பூவால் அலங்கரிக்கத்தான் முதலில் நினைத்தோம். ஆனால் மார்கழி, தை மாதங்களில் பனி விழுந்து மல்லிகையும் பிச்சியும் வரத்துக் குறைந்து, கிலோ ஆயிரக்கணக்கில் ஏறிவிடும் என்பது நம் பக்கத்தில் எல்லோரும் அறிந்ததுதான். அதோடு, முந்தின நாள் மாலை வரவேற்புக்காக மதியமே கட்டி முடிக்கிற பூ, மறுநாள் காலை முகூர்த்தத்தின்போது தலை தொங்கி நிற்பதைப் பல கல்யாணங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஆகவே உலர்ந்த பூக்களையும் துணிப்பூக்களையும் கொண்டு நானும் என் மதினியும் சேர்ந்தே மணவறையை அமைப்பது என்று முடிவு செய்தோம். இப்போது ஆனி மாதம். கையில் ஆறு மாதம் இருக்கிறது.

சென்ற வாரம் ஒரு சோதனை செய்து பார்த்தேன். சிவப்பு ரோஜாவையும் செவ்வந்தியையும் மொட்டைமாடியில் முறத்தில் பரப்பி மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்தேன். ரோஜா கறுத்துச் சுருண்டுவிட்டது. செவ்வந்தி நிறம் வெளுத்து, தொட்டவுடன் இதழ் இதழாக உதிர்ந்தது. நான் செய்த தவறு என்ன? எந்தப் பூக்களை எப்படி உலர்த்தினால் நிறம் நிற்கும்? துணிப்பூவைக் கலந்தால் கடை அலமாரியைப் போலத் தோன்றாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

இவற்றை விடப் பெரிய கவலை ஒன்று உண்டு. எங்கள் ஆச்சிக்கு எண்பது வயது கடந்துவிட்டது. "காஞ்ச பூவ மணவறையில வைக்கது நல்லதில்ல, பிள்ள" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் மனம் நோக எதையும் செய்ய எனக்கு விருப்பமில்லை. அவர்களுக்குத் தெரியாமல் செய்யவும் விருப்பமில்லை.

மறுமொழி: மேடை அலங்காரத் தொழிலில் இருப்பவர், சங்கரன்கோவில்

வணக்கம் சகோதரி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். உங்கள் சோதனையில் தவறு வெயில்தான். பூவின் நீரை எடுப்பது காற்றின் வேலை. வெயில் நீரோடு நிறத்தையும் சேர்த்தே எடுத்துவிடும். இருட்டாகவும் காற்றோட்டமாகவும் உள்ள ஓர் அறையில் கொடி கட்டி, பூக்களைத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். தலைகீழாகத் தொங்கினால்தான் காம்பு வளையாமல் நேராகக் காயும். பத்துப் பன்னிரண்டு காம்புகளை ஒரு கட்டாகச் சேர்த்து, நூலால் கட்டாமல் ரப்பர் வளையம் போடுங்கள். காயக் காயக் காம்பு மெலியும்; நூல் தளர்ந்து கட்டு கீழே விழும், ரப்பர் வளையமோ காம்போடு சேர்ந்து இறுகிக்கொள்ளும். இரண்டு அல்லது மூன்று வாரத்தில் காம்பு மளுக்கென்று ஒடிந்தால் பதம் வந்துவிட்டது என்று பொருள்.

பூ வகைகளில் வாடாமல்லிக்கு இணையாக வேறொன்றை நான் சொல்லமாட்டேன். அந்த ஊதா நிறம் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். அடுத்தது கோழிக்கொண்டை. அதைத் தொங்கவிடும் முன் ஒரு வெள்ளைத் துணியின் மேல் நன்றாக உதற வேண்டும். கறுப்பு விதைகள் கொட்டும், சில சமயம் புழுவும் விழும். உதறாமல் கட்டினால் அந்த விதை முழுவதும் முகூர்த்த நேரத்தில் மணப்பெண்ணின் தலையில்தான் விழும். மல்லிகையையும் பிச்சியையும் உலர்த்த முயலவே வேண்டாம், பழுப்பேறிவிடும். ரோஜா வேண்டுமென்றால் இளஞ்சிவப்பையோ ஆரஞ்சையோ எடுங்கள், ஏனெனில் கருஞ்சிவப்பு ரோஜா எப்படி உலர்த்தினாலும் கறுக்கும். ரோஜாவைத் தொங்கவிடுவதை விட, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் மணலை இரண்டு விரல் உயரம் பரப்பி, பூவை நிமிர்த்தி வைத்து, இதழ்களுக்கு இடையில் கரண்டியால் மெல்ல மெல்ல மணலைத் தூவி மூடிவைப்பது நல்லது. ஒரு வாரத்தில் வடிவம் கெடாமல் வரும். செலவு அதிகம் என்பதால் கண்ணுக்கு நேரே வருகிற இருபது முப்பது ரோஜாவுக்கு மட்டும் அதைச் செய்யுங்கள்.

எங்கள் ஊர்ச் சந்தையிலும் தோவாளையிலும் வாடாமல்லி பெரும்பாலும் காம்பில்லாமல் கிலோவாகத்தான் கிடைக்கும். அதை வாங்கினால் பச்சையாக இருக்கும்போதே ஊசி நூலில் கோத்துச் சரமாக்கி, அதன் பிறகு நிழலில் காயவையுங்கள். காய்ந்த பின் ஊசி ஏற்றினால் பூ இரண்டாகப் பிளந்துவிடும். காம்போடு வேண்டுமானால் நீங்களே விதைத்துவிடலாம். ஆடியின் தொடக்கத்தில் விதைத்தால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் பூக்கும்.

துணிப்பூவைப் பொறுத்தவரை அது கையெட்டும் உயரத்தில் இருக்கவே கூடாது என்பது என் விதி. தலைக்கு மேலே, தோரணத்தின் உச்சியில், பார்ப்பவர் கண்ணிலிருந்து எட்டடி தள்ளி இருந்தால் அது துணி என்றே தெரியாது. கட்டிலிருந்து எடுத்தவுடன் அதன் மடிப்பை நீராவியில் காட்டி நீக்குங்கள். எல்லாப் பூவும் முன்பக்கம் பார்த்து நிற்பதுதான் கடை அலமாரித் தோற்றத்துக்குக் காரணம். சிலவற்றின் கம்பியைப் பக்கவாட்டில் வளையுங்கள். சிலவற்றைப் பாதி முகம் மறைய உள்ளே தள்ளுங்கள். அதனுடன் வருகிற பிளாஸ்டிக் இலைகளை எல்லாம் பிய்த்து எறிந்துவிட்டு, அன்று காலை பறித்த மாவிலையையும் குரோட்டன்ஸ் இலையையும் செருகுங்கள். அந்த ஒன்றிலேயே பாதி வித்தியாசம் தெரியும்.

நெருப்பைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் அலங்கரித்த ஒரு மண்டபத்தில், குத்துவிளக்கை யாரோ நகர்த்தி வைத்ததில் சுடர் துணிக்கொடியைத் தொட்டுவிட்டது. பாலியஸ்டர் துணி எரிவதோடு நிற்பதில்லை, உருகிச் சொட்டும். அந்தச் சொட்டு ஒரு பெண்ணின் பட்டுச்சேலையில் விழுந்தது. உடனே தண்ணீர் ஊற்றியதால் யாருக்கும் காயமில்லை, ஆனால் அந்த நாளை நான் மறக்கவில்லை. உலர்பூவும் பஞ்சு போலப் பற்றும். ஆகவே ஓமகுண்டம், குத்துவிளக்கு, ஆரத்தி சுற்றும் இடம் ஆகியவற்றின் அருகில் பச்சைப் பூவும் வாழைக்கன்றும் மட்டுமே இருக்கட்டும். மேடையின் ஓரத்தில் ஒரு வாளித் தண்ணீர் மறைவாக இருக்கட்டும்.

மறுமொழி: கோவில்பட்டியிலிருந்து ஒருவர்

ஆச்சி சொன்னதை நான் மூடநம்பிக்கை என்று கருதவில்லை. வாடியது வேறு, விளைந்து காய்ந்தது வேறு. இந்த வேறுபாட்டைத்தான் அவர்கள் தங்கள் வார்த்தையில் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். செவ்வந்தி வாடினால் அது தன் நிலையிலிருந்து இழிந்த பூ. நெற்கதிர் காய்ந்தாலோ அது முழுமை அடைந்த கதிர். நிறைநாழியில் வைக்கிற நெல் காய்ந்ததுதானே? மஞ்சள் காய்ந்ததுதானே? எனவே பச்சையாக இருந்து வாடிய தோற்றம் தருகிற எதையும் மணவறையில் வைக்காதீர்கள். இயல்பிலேயே காய்ந்து நிற்பவற்றை வையுங்கள். வாடாமல்லிக்கு அதன் பெயரே போதும்.

தாமிரபரணிப் பாசனத்தில் கார் நெல் புரட்டாசி, ஐப்பசியில் அறுவடையாகும். தெரிந்த விவசாயி ஒருவரிடம் இப்போதே சொல்லிவைத்து, மணிகள் முழுவதும் முற்றிச் சிந்துவதற்கு நான்கைந்து நாள் முன்னதாக, கதிரில் இலேசான பச்சை இருக்கும்போதே அரிவாளால் நீளமாக அறுத்து வாங்குங்கள். முற்றிய கதிர் கட்டும்போதே உதிர்ந்துவிடும். அம்பை 16 போன்ற குண்டு நெல்லாக இருந்தால் கொத்து கனமாக, அழகாகத் தொங்கும். எங்கள் கரிசலில் வெடித்த பருத்திக் காயும் மிகப் பொருத்தமானது. ஆனால் மானாவாரிப் பருத்தி மாசி, பங்குனியில்தான் வெடிக்கும் என்பதால் உங்கள் நாளுக்குப் புதியது வராது. சென்ற பருவத்துக் காய்களை யாராவது செடியோடு வைத்திருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும்.

பின்திரைக்கு மினுமினுக்கும் துணிக்குப் பதிலாகப் பத்தமடைக் கோரைப்பாயைத் தொங்கவிட்டுப் பாருங்கள். மாப்பிள்ளை, பெண் பெயர்களை நெய்து தருகிற கல்யாணப் பாய் அந்த ஊரின் பழைய பெருமை. அதன் இளமஞ்சள் நிறத்தின் மீது வாடாமல்லியின் ஊதா எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்பதை நினைக்கும்போதே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

மறுமொழி: உலர்பூத் தரம்பிரிப்பில் வேலை பார்த்தவர், தூத்துக்குடி

எங்கள் ஊரிலிருந்து உலர்ந்த பூ, காய், இலை ஆகியவை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாகின்றன. அத்தகைய ஓர் இடத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தேன். மேலே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உலர்த்துவதை விடக் காப்பாற்றுவது கடினம். நீங்கள் புரட்டாசிக்குள் எவ்வளவு நன்றாகக் காயவைத்தாலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ காற்றிலுள்ள ஈரத்தை மீண்டும் குடித்துவிடும். முதலில் துவளும், பிறகு காம்பின் அடியில் வெள்ளையாகப் பூசணம் தோன்றும். எனவே நன்கு காய்ந்ததும் அட்டைப்பெட்டியில் தாள் விரித்து அடுக்கி, பெட்டியைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுகக் கட்டுங்கள். ஈரம் சிறிதளவு இருக்கும்போது கட்டினால் உள்ளேயே அழுகும், ஆகவே அவசரப்படாதீர்கள். பத்து நாளுக்கு ஒருமுறை, மழை இல்லாத நண்பகலில் பிரித்துப் பாருங்கள். பெட்டி தரையில் இருக்கக்கூடாது, சுவரையும் தொடக்கூடாது. நெற்கதிரைத் தனியாகத் தகர டிரங்குப் பெட்டியில் வையுங்கள். ஒருமுறை என் வீட்டுப் பரணில் அட்டைப்பெட்டியில் வைத்திருந்த கதிரை எலி ஒரே இரவில் உமியாக்கிவிட்டது.

தைல மர இலை உங்களுக்குப் பிடிக்குமானால், ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு வெந்நீர் கலந்து, காம்பின் நுனியை நசுக்கி அதில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இலை அதை உறிஞ்சி, நொறுங்காமல் தோல் போல வளையும் பதத்துக்கு வரும். தாமரைக் காய் உலர்த்துவது மிக எளிது. வெறுமனே தொங்கவிட்டால் போதும்.

கேட்டவர்: பாளையங்கோட்டைக்காரி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பின் ஆச்சியின் அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். நெற்கதிருக்கும் வாடாமல்லிக்கும் உடனே சம்மதித்தார்கள். கோழிக்கொண்டையைச் சற்று யோசித்து ஒப்புக்கொண்டார்கள். தாமரைக் காயை மட்டும் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "விதை போன கூடு, பொண்ணு முன்னால வேண்டாம்" என்றார்கள். அது வாசல் தூணுக்குப் போகட்டும் என்று முடிவாயிற்று. மாலை மாற்றும் மாலைகளும், பெண்ணின் தலையில் வைக்கிற பூவும், தாலித்தட்டில் வைக்கிற பூவும் அன்று காலைப் பறித்த பச்சைப் பூவாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. அதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்தில்லை.

இன்னும் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மணவறைச் சட்டத்துக்கு எத்தனை கொத்து தேவைப்படும்?

மறுமொழி: மேடை அலங்காரத் தொழிலில் இருப்பவர், சங்கரன்கோவில்

மேலே 12 அடி, பக்கத்துக்கு 8 அடியாக இரு பக்கமும் 16 அடி, ஆக 28 அடி. அடிக்கு மூன்று கொத்து என்றால் 84. உடைவதற்கும் உதிர்வதற்கும் சேர்த்து 100 கட்டி வையுங்கள். ஒவ்வொரு கொத்திலும் ஒரு சாண் சணல் கயிற்றை மிச்சம் விட்டுக் கட்டினால், மண்டபத்தில் மூங்கில் சட்டத்தோடு முடிச்சுப் போடும் வேலை மட்டும்தான் இருக்கும். இரண்டு பேர் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள பகுதியில் நெற்கதிர் வேண்டாம், அங்கே வாடாமல்லியை மட்டும் கட்டுங்கள்.