இழுகரை: கால்வாயோரச் சைக்கிள் பாதைக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் கென்னட் – ஏவன் கால்வாயை ஒட்டி ரெடிங்கிலிருந்து பாத் நகர் வரை சைக்கிளில் செல்வோருக்கான தமிழ்க் கையேட்டுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. அதில் அடிக்கடி வரும் சொல் 'டோபாத்'. இதுவரை 'கால்வாய்க்கரைப் பாதை' என்று எழுதி வந்தோம். அது போதாது.

அந்தத் தொடரைப் படித்ததும் நமக்குக் கல்லணைக் கால்வாயின் கரைதான் நினைவில் எழும். பாசனக் கால்வாயின் கரை தண்ணீரைத் தாங்க எழுப்பியது. அதன்மேல் பாதை இருப்பது பராமரிப்புக்காக. மதகுகள் குறுக்கிடும்; பாலம் வந்தால் பாதை சாலைமேல் ஏறிக் கடக்கும். டோபாத்தோ குதிரை ஒன்று நீண்ட கயிற்றால் படகை இழுத்து நடப்பதற்கென்றே போட்டது. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே, பாலத்தின் அடியில் நுழைந்து போகும். குதிரை பாலத்தின் மேலே ஏறினால் கயிறு மாட்டிக்கொள்ளும் என்பதால் அப்படி அமைத்தார்கள்.

சைக்கிள்காரருக்கு இடைஞ்சல் வருவதும் அங்கேதான். வளைவுப் பாலத்தின் அடியில் பாதை ஓர் ஆள் அகலத்துக்குச் சுருங்கும், மறுபுறம் தெரியாது. பின்கேரியரில் இருபுறமும் பை தொங்கினால் சுவர்ப்பக்கத்துப் பை கல்லில் உரசும். உரசிய வேகத்தில் வண்டி தண்ணீர்ப்பக்கம் திரும்பும். இதைச் சொல்லிலேயே உணர்த்த வேண்டும். 'இழுவைப் பாதை' எனலாமா?

அன்புடன்.

---

வணக்கம் ஐயா.

'இழுவை' வேண்டாம். இலங்கைத் தமிழில் இழுவைப் படகு என்றால் கடலடியை வலையால் வாரும் மீன்பிடிப் படகு. அங்கு நாள்தோறும் செய்தித்தாளில் அடிபடும் சொல் அது. 'இழுவைப் பாதை' என்றால் யாழ்ப்பாணத்து வாசகர் கடலில் தேடுவார்.

கயிற்றை முன்னிறுத்தலாம். ஜெர்மன் மொழியில் இதற்கு 'லைன்ஃபாட்' என்று பெயர். லைன என்றால் கயிறு. பிரெஞ்சில் 'ஷெமான் தெ அலாழ்'. கயிற்றால் இழுக்கும் வழி. நம்மிடம் தேர்வடம் இருக்கிறது. பெருங்கூட்டம் பிடித்து இழுக்கும் கனமான கயிற்றுக்கு 'வடம்' என்பதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. 'வடக்கரை', அல்லது 'வடவழி'?

---

'வடம்' அருமையான சொல்தான் அம்மா. ஆனால் கூட்டுச்சொல்லில் அது திசையாகிவிடும். வடகரை என்ற பெயரில் நம் ஊர்களே இருக்கின்றன. 'அடுத்த 3 கி.மீ. வடக்கரையில் செல்க' என்று கையேட்டில் போட்டால் பாதி வாசகர் திசைகாட்டியைப் பார்ப்பார்கள், தவறான கரையில் போய் நிற்பார்கள். 'கயிற்றுவழி'யும் ஆகாது, பழனி ரோப்காரை நினைவூட்டும்.

---

என் முன்மொழிவு: இழுகரை.

இது வினைத்தொகை. இழுத்த கரை, இழுக்கின்ற கரை, இழுக்கும் கரை என மூன்று காலமும் இதில் அடங்கும். குதிரைகள் போய்விட்ட இன்றைய நிலைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'இழுக்கரை' என்று எழுதுவது பிழை. கரையா இழுக்கிறது என்று கேட்பவர்களுக்கு 'ஆடுகளம்' விடை சொல்லும். களம் ஆடுவதில்லை, அது ஆடும் இடம். 'சுடுகாடு' என்பதும் அந்த அமைப்பே.

'பாதை' என்று தனியே சேர்க்க வேண்டியதில்லை என்றும் நினைக்கிறேன். காவிரிப் படுகையில் 'கரையோட போங்க' என்றால் கரையே வழி. இன்னொரு காரணமும் உண்டு. பக்கிங்காம் கால்வாயில் படகுகளை ஆட்கள் கரையில் நடந்து கயிற்றால் இழுத்திருக்கிறார்கள். ஆகவே இந்தச் சொல் அயல்நாட்டுப் பொருளுக்கு மட்டும் உரியதன்று. நம் கால்வாய் வரலாற்றை எழுதுவோருக்கும் பயன்படும்.

---

இழுகரை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு கலைச்சொல் நிற்குமா என்பது, அதிலிருந்து அடுத்த சொற்கள் கிளைக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. கையேட்டின் கடினமான இடங்களில் வைத்துப் பார்த்தேன்.

முதலில், இழுகரை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாறும் இடத்துப் பாலம். மாக்கிள்ஸ்ஃபீல்டு கால்வாயில் இதன் அழகான வடிவங்கள் உள்ளன. குதிரை சரிவில் ஏறிப் பாலத்தைக் கடந்து, வளைந்து இறங்கி, அதே பாலத்தின் அடியில் நுழைந்து போகும். கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம். இதைக் 'கரைமாறு பாலம்' எனலாம். சுமையேற்றிய சைக்கிளுக்கு அந்த வளைவு மிகக் குறுகல். கல் பாவிய சரிவு ஈரத்தில் வழுக்கும். முன் பிரேக்கைப் பிடித்தபடி திருப்பினால் முன்சக்கரம் நழுவும். இறங்கித் தள்ளுவதே சரி.

அடுத்தது, சில பாலச் சரிவுகளிலும் லாக் (படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி) ஓரச் சரிவுகளிலும் செங்கல் வரிசைகள் குறுக்கே புடைத்து நிற்பது. குதிரைக் குளம்பு வழுக்காமல் இருக்கச் செய்தது அது. 'குளம்புவரி' என்று முன்மொழிகிறேன். சைக்கிளுக்கு இது கடகடவென்ற அதிர்ச்சி. கேரியர் திருகுகள் இளகுவதற்கு இதுவும் ஒரு காரணம். அன்றைய ஓட்டம் முடிந்ததும் திருகுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள் என்று கையேட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

கட்டியிருக்கும் படகுகளின் கயிறு முளைக்கு வரும் இடத்தில் பாதையின் ஓரத்தைத் தின்றுவிடும். அதற்குப் புதுச்சொல் எதற்கு? 'முளைக்கயிறு' கிராமத்தில் வழங்கும் சொல்தான். 'லாக்' என்பதையும் இப்போது தொட வேண்டாம். சேப்பாக்கத்தில் பக்கிங்காம் கால்வாயோரம் லாக் நகர் என்று ஊர்ப்பெயராகவே அது ஊன்றிவிட்டது.

---

ஒரு கேள்வி. இழுகரையே இல்லாத கால்வாய்ப் பகுதியை எப்படிச் சொல்வது? நம் கென்னட் – ஏவன் கால்வாயிலேயே புரூஸ் சுரங்கம் இருக்கிறது. 459 மீட்டர் நீளம், உள்ளே பாதை கிடையாது. குதிரையைக் குன்றின் மேல் நடத்திச் சென்றார்கள். படகில் இருந்தவர்கள் சுவரில் பொருத்திய சங்கிலியைப் பிடித்து இழுத்துப் படகை நகர்த்தினார்கள். அமெரிக்காவின் செசபீக் – ஒஹாயோ கால்வாயில் பாபா சுரங்கம் 950 மீட்டர். அதற்குள் பாதை உண்டு. பாதையோரத் தடுப்பில் கயிறு தேய்த்த வரிகளை இன்றும் காணலாம். அங்கே விளக்கில்லாமல் நுழையக் கூடாது.

---

நல்ல சோதனை ஐயா. 'புரூஸ் சுரங்கத்தில் இழுகரை அறுகிறது. மேலே ஏறி மறுமுனையில் இறங்கிச் சேர்க' என்று எழுதலாம். 'கால்வாய்க்கரைப் பாதை அறுகிறது' என்றால் கரை உடைந்ததோ என்று அஞ்ச வேண்டியிருக்கும். 'பாபா சுரங்கத்துள் இழுகரை தொடர்கிறது' என்பதும் இயல்பாக இருக்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களுக்காகவே நான் இழுகரையை ஏற்கிறேன்.

கையேட்டின் ஹங்கர்ஃபோர்டு – பாத் பகுதியைப் புதிய சொற்களோடு திருத்தியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்:

"ஹங்கர்ஃபோர்டுக்கும் டிவைசஸுக்கும் இடையே 4ஆம் எண் தேசிய சைக்கிள் வழி பெரும்பாலும் கிராமச் சாலைகளில் செல்கிறது. இழுகரையிலேயே போக விரும்புவோர் புல்லும் வேரும் சேறும் நிறைந்த தடத்துக்கு ஆயத்தமாக வேண்டும். டயர் அகலம் 40 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி வேண்டும். இல்லையெனில் களிமண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். குளிர்காலத்தில் வேலி கழித்த முட்கள் பாதையில் கிடக்கும். பஞ்சரானால் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி முள்ளைக் கண்டெடுத்த பிறகே புது டியூபைப் போடுக. முள் உள்ளேயே இருந்தால் அதுவும் சில நிமிடங்களில் போகும்.

டிவைசஸில் கேன் ஹில் லாக்குகள்: 29 லாக்குகளில் கால்வாய் 72 மீட்டர் இறங்குகிறது. இழுகரை அகலமானது, ஆனால் நடப்போர் மிகுதி. வேகத்தைக் குறைத்து, பெல்லை இருமுறை அடித்து, அவர்கள் ஒதுங்கும்வரை காத்திருக்க. கால்வாயையே தாங்கிச் செல்லும் ஏவன்கிளிஃப் நீர்ப்பாலத்தில் இழுகரை கரை மாறுகிறது. பாலத்தின் அடியில் இறங்கி மறுபுறம் ஏறுக. சரிவு செங்குத்தானது, இறங்கித் தள்ளுக."

'கரை மாறுகிறது' என்பதில் இடைவெளி விட்டிருக்கிறேன், 'கரைமாறு பாலம்' என்பதில் சேர்த்திருக்கிறேன். இதில் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் பட்டியலில் இப்படியே ஏற்றிவிடுகிறேன்.