40,000 கி.மீ. சர்வீஸுக்கு 19,000 ரூபாய் எஸ்டிமேட்: எதை வெட்டலாம்?

வேளச்சேரி_வண்டி

1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் ஹேட்ச்பேக். நாலு வருஷம் முடியப்போகுது, மீட்டர் 39,600. கம்பெனி வாரண்டி முடிஞ்சாச்சு, எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலை. சென்னை டிராஃபிக்ல ஆபீஸ் போய் வர்ற வண்டி, இப்போதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆதரைஸ்டு சர்வீஸ் சென்டர்ல இருந்து வந்த எஸ்டிமேட்டை அப்படியே போடறேன். எல்லாம் வரிக்கு முந்தின விலை.

இன்ஜின் ஆயில் 0டபிள்யூ-20 சிந்தடிக், 3.5 லிட்டர் – 2,100
ஆயில் ஃபில்டர் – 130
டிரெய்ன் வாஷர் – 20
ஏர் ஃபில்டர் – 420
ஏசி ஃபில்டர் – 480
ஸ்பார்க் பிளக் 4 – 680
பிரேக் ஆயில் 1 லிட்டர் – 520
கூலன்ட் 1 லிட்டர் – 310
பீரியாடிக் சர்வீஸ் லேபர் – 2,100
அலைன்மென்ட், பேலன்சிங், டயர் ரொட்டேஷன் – 1,150
பிரேக் கிளீனிங், காலிப்பர் கிரீஸ் – 750
த்ராட்டில் பாடி கிளீனிங் – 650
இன்ஜெக்டர் கிளீனர் – 550
இன்ஜின் ஃப்ளஷ் – 450
ஏசி எவாப்பரேட்டர் ட்ரீட்மென்ட் – 1,100
அண்டர்பாடி கோட்டிங் – 3,900
இன்ஜின் டிரெஸ்ஸிங் – 480
கன்ஸ்யூமபிள்ஸ் – 350

கூட்டினா 16,140. 18% ஜிஎஸ்டி 2,905 சேர்த்து 19,045. இதுல எது நிஜமாவே செய்யணும்? வெளி ஷெட்டுக்குப் போனா எவ்வளவு மிச்சமாகும்?

ஸ்பேனர்_செட்

முதலில் வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவலை எடுத்து மெயின்டனன்ஸ் அட்டவணையைத் திறந்து வையுங்கள். 40,000 கி.மீ. கட்டத்தில் 'மாற்று' என்று போட்டிருப்பது மட்டும்தான் சர்வீஸ். 'பரிசோதி' என்று போட்டிருப்பதெல்லாம் லேபருக்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் கூடுதல் வியாபாரம்.

ஆயில்: 1.2 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின்கள் பெரும்பாலும் 3 முதல் 3.7 லிட்டருக்குள்தான் குடிக்கும். 'ஃபில்டருடன் சேர்த்து' எவ்வளவு என்று மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். பீப்பாயிலிருந்து கன்னில் அடிக்கும் இடங்களில் ஊற்றிய அளவுக்கு மட்டும் பில் கேட்கலாம். கூடுதலாக ஊற்றினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். டிப்ஸ்டிக்கின் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) மேல் கோட்டைத் தாண்டினால் உள்ளே சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், ஆயில் பிரஷர் விழும். டிரெய்ன் வாஷர் 20 ரூபாய்தான், அதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். பழையதையே போட்டு, கசிகிறதே என்று போல்ட்டை ஓங்கி முறுக்கினால் அலுமினிய ஆயில் பேனில் மரை போய்விடும். அப்புறம் பேனையே மாற்ற வேண்டி வரும்.

பிளக்: நான்கும் சேர்த்து 680 என்றால் சாதாரண நிக்கல் பிளக். அதற்கு 40,000 சரியான கணக்கு. வண்டியில் ஏற்கனவே இரிடியம் இருந்தால் அது 80,000 முதல் ஒரு லட்சம் வரை ஓடும், இப்போது தொடவே வேண்டாம். மேனுவலில் பிளக்கின் பார்ட் நம்பர் இருக்கும், எஸ்டிமேட்டோடு ஒப்பிடுங்கள். இரிடியத்தைக் கழற்றி நிக்கல் போட்டுக் காசும் வாங்கினால் நஷ்டம் இரண்டு பக்கமும் உங்களுக்குத்தான். பிளக்கை இன்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை கூடவே வரும்.

பிரேக் ஆயிலை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 தரம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறிய நிலைக்கு அதே தரம் கேட்கும் அளவு 155 டிகிரிதான். மலைப்பாதையில் இறங்கும்போது காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் பகுதி) சூடேறி, ஆயில் கொதித்து, ஆவி சேர்ந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருஷம் அல்லது 40,000 என்பது பொதுவான கணக்கு. ஒரு லிட்டர் என்பதும் நியாயமான அளவே, ஆனால் நான்கு சக்கரத்திலும் பிளீட் செய்கிறார்களா, அதாவது பழையதை லைன் வழியாக வெளியேற்றுகிறார்களா என்று கேளுங்கள். டேங்கில் இருப்பதை மட்டும் சிரிஞ்சில் உறிஞ்சி, புதியதை ஊற்றி மூடுவது நிறைய இடங்களில் நடக்கிறது. லைனுக்குள்ளும் காலிப்பருக்குள்ளும் பழையதே கிடக்கும்.

காலிப்பர் கிரீஸும் இந்தக் கிலோமீட்டருக்குத் தேவைதான். ஸ்லைடிங் பின் காய்ந்து இறுகினால் ஒரு பக்கத்து பேட் மட்டும் தேயும். பின்சக்கரம் டிரம் என்றால் உள்ளே சேர்ந்த தூளையும் தட்டிவிடுவார்கள்.

இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனர், டிரெஸ்ஸிங் மூன்றும் வேண்டாம். நேரத்துக்கு ஆயில் மாற்றிய இன்ஜினில் ஃப்ளஷ் கரைக்கும் அளவுக்குக் கசடு இருக்காது. டிரெஸ்ஸிங் என்பது ரப்பர் ஹோஸ் மேல் பளபளப்புக்கு அடிக்கும் சிலிகான். ஒரு வாரத்தில் தூசு ஒட்டிக்கொள்ளும்.

த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு): ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும் வேகம், அதாவது ஐடிலிங், ஏறி இறங்கினால், சிக்னலில் வண்டி ஆஃப் ஆனால் மட்டும். உங்களுக்கு அந்தக் குறை இல்லை. இது எலக்ட்ரானிக் த்ராட்டில், பட்டாம்பூச்சி வால்வை விரலால் தள்ளித் துடைத்தால் உள்ளே இருக்கும் மோட்டார் கியர் கெடலாம். பல வண்டிகளில் துடைத்த பிறகு ஸ்கேனரில் ஐடில் லேர்னிங்கும் செய்ய வேண்டும். நன்றாக ஓடும் வண்டியில் இதைச் செய்து ஐடிலிங் குறையை வாங்கிக்கொண்டு வர வேண்டாம்.

அண்டர்பாடி 3,900: தொழிற்சாலையிலேயே துருவைத் தடுக்கும் எலக்ட்ரோ கோட்டும் அடியில் பிவிசி பூச்சும் போட்டுத்தான் வண்டி வருகிறது. ஈசிஆர் ஓரம் கடல் காற்றில் நிறுத்துகிறவர்களுக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் காலையில் வாட்டர் வாஷ், மாலையில் டெலிவரி என்றால் அடிப்பக்கம் காய நேரமே இல்லை. ஈரத்தின் மேல் கோட்டிங் அடித்தால் துரு உள்ளேயே வளரும். கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள்.

ஜாப்கார்டு_ஜி

மேல சொன்னது எல்லாம் சரி. அதை அங்க கவுன்ட்டர்ல எப்படி நடத்தறதுன்னு நான் சொல்றேன்.

சர்வீஸ் அட்வைசருக்கு ஒவ்வொரு மாசமும் வேல்யூ ஆடட் சர்வீஸ் டார்கெட் உண்டு. அதான் ட்ரீட்மென்ட், கோட்டிங் எல்லாம் எஸ்டிமேட்ல தானா வந்து உக்காந்துக்குது. அவர் மேல கோபப்பட்டு ஒண்ணும் ஆகப்போறதில்லை. 'மேனுவல்ல 40,000-க்கு என்ன இருக்கோ அது மட்டும் போடுங்க, வேற எது வேணும்னாலும் போன் பண்ணிக் கேட்டுட்டு செய்யுங்க'ன்னு சொல்லி, அதையே ஜாப் கார்டுல எழுத வைங்க. வேண்டாத வரிகளை அடிச்சிட்டு அதுக்கப்புறம் கையெழுத்து. கையெழுத்துப் போட்ட எஸ்டிமேட்டையும் ஓடிபி சொன்ன எஸ்டிமேட்டையும் சாயங்காலம் பில் கவுன்ட்டர்ல குறைக்கச் சொல்லிப் போராடினா வேலைக்கு ஆகாது.

கழட்டின பிளக், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் எல்லாம் டிக்கியில வைக்கணும்னு காலையிலயே எழுத வைங்க. சாயங்காலம் கேட்டா 'ஸ்க்ராப்புக்குப் போயிடுச்சு சார்'தான் பதில்.

கன்ஸ்யூமபிள்ஸ் 350-க்கு என்னென்னனு பிரிச்சுக் கேளுங்க. வேஸ்ட் காட்டன், ஷாம்பூம்பாங்க. அது லேபர்லயே அடக்கம்னு சொன்னா முக்கால்வாசி இடத்துல எடுத்துடுவாங்க. கூலன்ட்டும் அப்படித்தான். ரிசர்வாயர்ல மினிமம் கோட்டுக்குக் கீழ போயிருந்தாத்தான் டாப்அப். வண்டியை விடறதுக்கு முன்னாடி, ஆறின இன்ஜின்ல நீங்களே பார்த்துடுங்க. நல்லா குறைஞ்சிருந்தா ஊத்தறதை விட எங்க கசியுதுன்னு பார்க்கச் சொல்றதுதான் முக்கியம். கலர் வேறயா இருக்கறதைக் கலக்க விடாதீங்க.

வண்டியை எடுக்கும்போது: சமதரையில நிறுத்தி, இன்ஜின் ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டு டிப்ஸ்டிக். டயர் ரொட்டேஷன் பண்ணியிருந்தா வீல் நட்டு டைட்டா, காத்து சரியா. மறுநாள் காலையில நிறுத்தின இடத்துல சொட்டு விழுந்திருக்கான்னு பாருங்க, ஃபில்டரோ டிரெய்ன் போல்ட்டோ கசிஞ்சா அங்கதான் தெரியும்.

மெட்ராஸ்_மாருதம்

ஏசி ட்ரீட்மென்டை அப்படியே ஒதுக்க வேண்டியதில்லை. சென்னை ஈரக்காற்றில் எவாப்பரேட்டரில் (ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) பூஞ்சை பிடிப்பது நடக்கிற விஷயம்தான். ஏசி போட்டதும் முதல் நிமிஷத்தில் புளித்த வாடை வருகிறதா? வந்தால் அந்த ட்ரீட்மென்டின் ஃபோம் அடிக்கலாம். இல்லையென்றால் ஏசி ஃபில்டர் மாற்றினாலே போதும். இறங்குவதற்கு இரண்டு மூன்று நிமிஷம் முன்பே ஏசி பட்டனை அணைத்து ஃபேனை மட்டும் ஓட விட்டால் எவாப்பரேட்டர் காய்ந்துவிடும், வாடை வருவது வெகுவாகக் குறையும்.

ஏசி ஃபில்டர் பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு பக்கமும் அமுக்கினால் பாக்ஸ் இறங்கிவிடும், ஃபில்டரை அம்புக்குறி பார்த்துச் சொருக வேண்டும். ஸ்பேனர் தேவையில்லை.

வெளி ஷெட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிறையப் பேர் இதில் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். கம்பெனி பாக்கெட்டில் வரும் பார்ட்ஸுக்கு எம்ஆர்பி எங்கு வாங்கினாலும் ஒன்றுதான், ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினால் கொஞ்சம் தள்ளுபடி கிடைக்கலாம். ஆகவே மிச்சம் லேபரில் மட்டும்தான். உங்கள் எஸ்டிமேட்டில் பீரியாடிக் சர்வீஸ் லேபர் 2,100. ஷெட்டில் அது பாதியானாலும் ஆயிரத்துச் சொச்சம்தான் மிச்சம். பட்டியலைச் சுத்தம் செய்தால் மிச்சமாவது அதைப்போலப் பல மடங்கு. சஸ்பென்ஷன், கிளட்ச் மாதிரி லேபர் அதிகம் பிடிக்கும் வேலைக்குத்தான் நல்ல ஷெட் உண்மையான லாபம்.

ஷெட்டுக்கே போவதாக இருந்தால் ஆயிலைச் சீல் உடையாத கேனாக நீங்களே வாங்கிக் கொடுங்கள். காலி கேனையும் மூடியையும் திருப்பி எடுத்து வந்து வெட்டிப் போடுங்கள். போலி ஆயில் அந்தக் கேனில்தான் திரும்பி வரும்.

இன்னொன்று. நின்று நின்று போகும் டிராஃபிக்கும் சின்னச் சின்ன ஓட்டமும் மேனுவலில் 'கடினமான பயன்பாடு' என்ற தனி அட்டவணையில் வரும். பல வண்டிகளில் அந்த அட்டவணைப்படி ஆயிலைப் பாதித் தூரத்திலேயே மாற்ற வேண்டும். ஃப்ளஷுக்கும் டிரெஸ்ஸிங்குக்கும் கொடுக்க இருந்த 930 ரூபாயோடு இன்னும் கொஞ்சம் போட்டால் இடையில் ஒரு ஆயில் சேஞ்சே செய்யலாம். இன்ஜினுக்கு அதுதான் பயன்.

வரி_வாசிப்பவர்

பழைய பில்லோடு ஒப்பிடுகிறவர்களுக்கு: 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு பெரும்பாலான பார்ட்ஸுக்கு 28%, லேபருக்கு 18% என்று ஜிஎஸ்டி இருந்தது. அன்று முதல் பார்ட்ஸும் 18%. அதனால் அதற்கு முந்தைய பில்லோடு பார்க்கும்போது வரிக்கு முந்தின விலையை மட்டும் ஒப்பிடுங்கள். எம்ஆர்பி என்பது வரியையும் சேர்த்த விலை. பில்லில் ஒரு பார்ட்டின் விலையும் அதன் வரியும் கூட்டினால் பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அங்கேயே கேளுங்கள்.

பல கம்பெனிகளின் இணையதளத்தில் மாடலும் கிலோமீட்டரும் கொடுத்தால் சர்வீஸ் செலவைக் காட்டும் கால்குலேட்டர் இருக்கிறது. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

வாரண்டி இன்னும் இருக்கிறவர்கள் இந்தத் திரியைப் படித்தால் ஒரு தகவல். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் வேலை பார்த்தார் என்பதற்காக மட்டும் முழு வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையின் கோளாறால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. அதன் மேல் மேல்முறையீடுகள் நடந்தன. சட்டம் பேசி க்ளெய்ம் வாங்குவது நீண்ட வேலை என்பதால், வாரண்டி காலத்தில் அட்டவணைப்படியான சர்வீஸை மட்டும் உள்ளே செய்துகொள்வது நடைமுறைக்கு நல்லது. ஃபோம், கோட்டிங் எதுவும் வாரண்டிக்கு நிபந்தனை இல்லை. 'இது செய்யாட்டி வாரண்டி போயிடும்' என்றால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வேளச்சேரி_வண்டி

எல்லாருக்கும் நன்றி. மேனுவல் பார்த்தேன். ஆயில் ஃபில்டரோட 3.1 லிட்டர்தான். பிளக் நிக்கல், 40,000-ல மாத்தணும்னே போட்டிருக்கு. கூலன்ட் மேல் கோட்டுலயே நிக்குது, ஏசியில வாடை இல்லை. ஃப்ளஷ், கிளீனர், த்ராட்டில், ஏசி, அண்டர்பாடி, டிரெஸ்ஸிங், கூலன்ட், கன்ஸ்யூமபிள்ஸ் எல்லாம் அடிச்சு, ஆயிலை 3.1-ஆக்கி அனுப்பினேன். புது எஸ்டிமேட் 8,110, வரியோட 9,570. கூடவே 'பேட்டரி நாலு வருஷம் ஆச்சு சார், மாத்திடலாமா'ன்னு கேட்கறாங்க. காலையில ஸ்டார்ட் ஆகறதுல தயக்கம் இல்லை. பேலன்சிங் அவசியமா?

ஸ்பேனர்_செட்

பேட்டரியை வயது பார்த்து மாற்றக் கூடாது, டெஸ்டர் பிரிண்ட் கேளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் மல்டிமீட்டர் வைத்தால் 12.5 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. மாற்றுவதானாலும் பேட்டரிக் கடையில் பழையதைக் கொடுத்து வாங்குங்கள், பழையதற்கான கழிவு தனியாகப் பில்லில் தெரியும்.

பேலன்சிங்: 80-க்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கினால் செய்யுங்கள், இல்லையென்றால் அலைன்மென்ட்டும் ரொட்டேஷனும் மட்டும் போதும். அலைன்மென்ட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த ரீடிங் ஷீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். முன்சக்கர டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) ஷீட்டில் பச்சைக்குள் வந்திருக்கிறதா, ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா என்று ஒரு கி.மீ. ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.