பின்லாந்துக்கு முதல் தடவை, அதுவும் குளிர்காலத்தில்: போய் வந்தவர்கள் சொல்வது

எஸ்போவில் இருந்து

டிசம்பர், ஜனவரியில் பின்லாந்து வரப்போகிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஜாக்கெட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எவ்வளவு கனமாக இருக்க வேண்டும், சென்னையிலேயே வாங்கிவிடலாமா என்று. காலுக்கு என்ன போடுவது என்று யாரும் கேட்பதில்லை. இங்கேயே குடித்தனம் செய்துகொண்டு, ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களைப் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: காசை முதலில் காலுக்குச் செலவு செய்யுங்கள். ஜாக்கெட் சுமாராக இருந்தால் உள்ளே இன்னொரு ஸ்வெட்டர் போட்டுச் சமாளிக்கலாம். வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தால் வந்த பயணமே போச்சு.

ஹெல்சிங்கியும் அதை ஒட்டிய எஸ்போவும் கடலோரம். குளிர்காலம் முழுக்க மைனஸிலேயே நிற்காது. பகலில் பூஜ்யத்துக்கு மேலே ஏறினால் பனி உருகும். ராத்திரி இறங்கும்போது அந்தத் தண்ணீரே வழவழவென்று உறைந்துவிடும். அதன் மேல் புதுப்பனி மெல்லிசாக மூடினால் அடியில் இருப்பது தெரியவே தெரியாது. நடைபாதையில் பொடி ஜல்லி தூவுவார்கள். ஆனால் காலையில் ஜல்லி தூவுகிற வண்டி வருவதற்கு முன்பே நாம் வெளியே இறங்க வேண்டியிருக்கும்.

போன குளிர்காலத்தில் அப்பா வந்திருந்தார். பேருந்து நிறுத்தத்துக்குப் போகிற வழியில் ஒரு சரிவு, முழுக்க ஐஸ். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நகர முடியாமல் நின்றார். பின்னால் வந்த ஒரு வயதான அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அவருடைய மறுபக்கத்து முழங்கையைப் பிடித்தார். மூன்று பேரும் அடிமேல் அடி வைத்துக் கீழே இறங்கினோம். இறங்கியதும் அந்த அம்மா தன் காலைத் தூக்கி ஷூவின் அடிப்பக்கத்தைக் காட்டினார். ரப்பரில் வரிசையாகச் சின்னச் சின்ன இரும்பு முள். 'லியுகஸ்தா' என்றார், வழுக்கும் என்று அர்த்தம். அவ்வளவுதான், போய்விட்டார். அன்றைக்கு மத்தியானமே அப்பாவுக்கு ஒரு ஜோடி வாங்கினோம்.

முள் வைத்த ஷூவே வாங்க வேண்டும் என்பதில்லை. இருக்கிற ஷூவுக்கு அடியில் ரப்பர் பட்டையோடு மாட்டிக்கொள்கிற முள் இங்கே பெரிய கடைகளில் கிடைக்கும். கடைக்குள்ளோ ரயில் நிலையத்துக்குள்ளோ நுழையும்போது அதைக் கழற்றிவிடுங்கள், டைல்ஸ் தரையில் அதுவே வழுக்கும். ஷூ அரை அளவாவது பெரிதாக இருக்கட்டும். கம்பளிச் சாக்ஸ் போட்ட பிறகும் விரலை அசைக்க இடம் வேண்டும், இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் சீக்கிரம் மரத்துவிடும். நடக்கும்போது சேற்று வரப்பில் நடப்பது போல நடங்கள்: சின்ன எட்டு, முழங்கால் கொஞ்சம் தளர்வாக, கை பாக்கெட்டுக்கு வெளியே.

ஹெல்சிங்கி நகருக்குள் சில கட்டடங்களின் ஓரத்தில் கம்பையோ பலகையையோ சாய்த்து நடைபாதையை மறித்திருப்பார்கள். கூரையிலிருந்து பனிப்பாளம் விழும் என்பதற்கான எச்சரிக்கை அது. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். குறுக்கே புகுந்து போகாதீர்கள்.

மதுரையில் இருந்து

எஸ்போப் பொண்ணு சொன்ன அத்தனையும் சரி. நான் மகளின் பிரசவத்துக்காக வடக்கே இருக்கும் ஓலு நகருக்குப் போய் மார்ச் வரைக்கும் இருந்தேன். என் வயதுப் பெண்களுக்கு யாரும் சொல்லாத சில விஷயங்களைச் சொல்கிறேன்.

மூக்குத்தி, தோடு, மெட்டி. மைனஸ் இருபதில் வெளியே நின்றால் உலோகம் சட்டென்று சில்லிட்டுப்போகும். மூக்குத்தி போட்ட இடம் ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும். நான் மப்ளரை மூக்குவரை ஏற்றிக் கட்டிக்கொள்வேன், மூச்சுக் காற்றின் சூட்டில் வலி தெரியாது. பெரிய ஜிமிக்கி வேண்டாம், தொப்பிக்குள் அடங்குகிற சின்னத் தோடு போதும். மெட்டியை ஷூ அழுத்தினால் அந்த விரல்தான் முதலில் மரக்கும். நான் வெளியே போகும் நாட்களில் கழற்றி வைத்துவிட்டேன். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்குள் குளிரே கிடையாது. ஜன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி, 21, 22 டிகிரியில் வீடு இதமாக இருக்கும். ஆனால் காற்றில் ஈரம் இல்லை. போன முதல் வாரம் உதடு வெடித்து, காலையில் மூக்கில் ரத்தம் கசிந்தது. பயந்துவிட்டேன். மகள் ஈரத்துண்டை ஹீட்டர் பக்கத்தில் காயப்போட்டாள், மூக்குக்குள் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவினேன், சரியாகிவிட்டது. அந்த எண்ணெய் பாட்டிலும் அலமாரியில் வெள்ளையாக உறைந்துதான் இருக்கும், வாய் அகலமான டப்பாவில் கொண்டுபோனால் கரண்டியால் எடுக்கலாம். தயிரும் அங்கே சாமானியமாக உறையாது. ஓவனைச் சூடாக்காமல் உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாத்திரத்தை வைத்தால் காலையில் உறைந்திருக்கும். அவசரத்துக்குக் கடையில் 'பீமா' என்று கேளுங்கள். நம் மோர்தான், கொஞ்சம் கெட்டியாக இருக்கும். உப்புப் போட்டுத் தாளித்தால் வித்தியாசம் தெரியாது.

மருந்து கட்டாயம் கையோடு எடுத்துப் போங்கள். காய்ச்சல் மாத்திரைகூட அங்கே மளிகைக் கடையில் கிடைக்காது, மருந்தகத்தில் மட்டும்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு டாக்டர் சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். விசாவுக்காக 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கச் சொல்வார்கள் இல்லையா, அந்தத் தாளை விமான நிலையத்தோடு மறந்துவிடாமல் கைப்பையிலேயே வையுங்கள்.

இன்னொன்று. ஒரு காபிக் கடை வாசலில் நாலு குழந்தை வண்டி நின்றது. எட்டிப் பார்த்தால் உள்ளே குழந்தைகள் தூங்குகின்றன! அம்மாக்கள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. மகள்தான் விளக்கினாள், இங்கே குழந்தையைத் திறந்தவெளியில் தூங்கவைப்பது நெடுநாள் வழக்கம், ரொம்பக் குளிரானால் உள்ளே கொண்டுபோய்விடுவார்கள் என்று. பிறக்கும் குழந்தைக்கு என்று அரசாங்கம் ஒரு துணிமணிப் பெட்டி கொடுக்கும், என் பேத்திக்கு வந்த பெட்டியிலும் குளிருக்கான முழு உடுப்பு இருந்தது. அந்தப் பெட்டியை 1938-லிருந்து கொடுக்கிறார்களாம். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற பாட்டிமார்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால் வீட்டில் வீண் சண்டை வராது.

வடக்கே ரோவானியெமியில் படிக்கும் மாணவர்

அம்மா, மூக்குத்தி பற்றி நீங்கள் சொன்னதைப் படித்ததும் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

ராத்திரி வானத்தில் தோன்றும் வட துருவ ஒளி பார்க்க ஒரு குழுவோடு ஏரிக்கரைக்குப் போயிருந்தேன். மைனஸ் 27, லேசான காற்று. கூட்டிப்போன பெண் அடிக்கடி டார்ச்சை எடுத்து எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார். எதற்கு என்று அப்போது புரியவில்லை. புனேவிலிருந்து வந்த ஒரு பையனின் பக்கத்தில் வந்ததும் அந்தப் பெண் நின்றுவிட்டார். அவன் கன்னத்தில் காசு அளவுக்கு ஒரு இடம் மெழுகு நிறத்தில் வெளுத்திருந்தது. தோல் உறைய ஆரம்பித்திருக்கிறது, அவனுக்கோ வலியே இல்லை. வலி போய்விட்டதுதான் ஆபத்து. அந்தப் பெண் கையுறையைக் கழற்றி வெறும் உள்ளங்கையை அந்த இடத்தில் அழுத்தி வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ரத்தம் திரும்பி, அவன் எரிகிறது எரிகிறது என்றான். தேய்க்கக் கூடாது, பனியை எடுத்துப் பூசவே கூடாது என்று எல்லோரிடமும் சொன்னார். நம் முகம் நமக்குத் தெரியாது, அதனால் கூட வந்தவர் முகத்தை நீங்கள் பாருங்கள், உங்கள் முகத்தை அவர் பார்க்கட்டும். நம்முடைய நிறத்தில் அந்த வெளுப்பு அவ்வளவு பளிச்சென்று தெரியாது, உற்றுத்தான் பார்க்க வேண்டும்.

உடம்போடு ஒட்டிய துணி பருத்தியாக இருக்க வேண்டாம். நடந்தால் வியர்க்கும், பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், நின்றதும் குளிர் முதுகில் ஏறும். மெல்லிய கம்பளி பனியன், அதன் மேல் ஃபிளீஸ் என்கிற மெத்தென்ற துணியில் ஒரு சட்டை, அதன் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். விரல்கள் சேர்ந்திருக்கும் பை போன்ற கையுறைதான் உண்மையில் சூடு காக்கும். போன் உள்சட்டைப் பையில் இருக்கட்டும், வெளியே எடுத்தால் பாதி சார்ஜ் காட்டிக்கொண்டே அணைந்துவிடும். கேமராவை உள்ளே கொண்டுவருவதற்கு முன் ஜிப் பைக்குள் போட்டு மூடுங்கள், இல்லையென்றால் உள்ளறைச் சூட்டில் லென்ஸ் முழுக்க நீர் கோத்துவிடும்.

டிசம்பர் கடைசியில் இங்கே பகல் என்பது சுமார் 2 மணி நேரம். ஹெல்சிங்கியில் 6 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வடகோடியில் ஊட்ஸ்யோகியில் வாரக்கணக்கில் சூரியன் எழும்பவே எழும்பாது. அதனால் ஜாக்கெட்டில் தொங்கவிடும் ஒளி எதிரொளிக்கிற வில்லை ஒன்று அவசியம், இருட்டில் சாலையில் நடப்பவர் அதை அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பேருந்தை நிறுத்தவும் அது உதவும். இங்கே நிறுத்தத்தில் சும்மா நின்றால் ஓட்டுநர் போய்விடுவார், கை காட்ட வேண்டும்.

துருவ ஒளிக்கு ஒரே ராத்திரியை நம்பி வராதீர்கள். வானம் மேகமாக இருந்தால் ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு ராத்திரியாவது தங்குங்கள்.

சிங்கப்பூரில் இருந்து

தம்பி சொன்னதை எல்லாம் குறித்துக்கொண்டேன். இரண்டு சந்தேகம். டிசம்பர் 24 ஹெல்சிங்கியில் இறங்குகிறோம், சாப்பாடு கிடைக்குமா? அப்புறம், சானா என்கிற சூட்டுக் குளியல் அறைக்கு என்ன உடுத்திக்கொண்டு போவது? மனைவி தயங்குகிறார்.

எஸ்போவில் இருந்து

அண்ணா, 24ஆம் தேதி மத்தியானம் 12 மணிக்குத் துர்க்கு நகரில் கிறிஸ்துமஸ் அமைதியை அறிவிப்பார்கள். அதோடு நாடே வீட்டுக்குள் போய்விடும். பல கடைகள் பிற்பகலிலேயே மூடும், சாயங்காலத்துக்கு மேல் பேருந்தும் டிராமும் மிகவும் குறைந்துவிடும். சாப்பாட்டு ஏற்பாட்டை ஹோட்டலில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், கையில் ரெடிமேட் உப்புமா, புளிக்காய்ச்சல் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர ரயிலில் சுமார் அரை மணி நேரம், ஏ, பி, சி மூன்று மண்டலத்துக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க வேண்டும். அன்றைக்குக் கடைசி ரயில் எப்போது என்று மட்டும் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

அண்ணி தயங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நீச்சல் குளங்களில் பெண்களுக்குத் தனி சானா, ஆண்களுக்குத் தனி. அங்கே உடையில்லாமல் உட்காருவதுதான் வழக்கம், யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் ஹெல்சிங்கிக் கடற்கரையில் லோய்லு என்று ஒன்று இருக்கிறது, நீச்சலுடையோடு ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரலாம். எங்கே போனாலும் முதலில் குளித்துவிட்டு, துண்டு விரித்து, கீழ்ப்படியில் உட்காருங்கள். மேலே போகப் போகச் சூடு அதிகம். உங்களுக்கு பிரஷர் உண்டென்றால் கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மனைவியின் ஷூ அளவை எனக்கு எழுதுங்கள், முள் பட்டை எந்த அளவு பொருந்தும் என்று கடையில் பார்த்துச் சொல்கிறேன்.