முறுக்கு விலையைக் குறைக்கணுமா? ஜி.எஸ்.டி. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். மணப்பாறை பக்கம் வீட்டிலேயே முறுக்கு, மிக்சர் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். வருஷ விற்பனை 40 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது, அதனால் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்கவில்லை.

2025 செப்டம்பர் 22-லிருந்து பாக்கெட் மிக்சர் வகைகளுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதம் ஆனது. அன்றிலிருந்து ஒரு கடைக்காரர், "கம்பெனி பாக்கெட் விலை இறங்கிடுச்சு, நீங்களும் மூணு ரூபா குறைங்கக்கா" என்று நிற்கிறார். நான் வரியே வாங்கினதில்லை, எதைக் குறைக்க? எண்ணெய்க்கு 5, பிளாஸ்டிக் கவருக்கு 18, கமர்ஷியல் சிலிண்டருக்கு 18 என்று நான் கட்டுகிற வரி முழுக்க முறுக்கு விலையில்தான் போய் உட்காருகிறது. சோப்பு, ஷாம்பு, பற்பசை 18-லிருந்து 5 ஆனதில் வீட்டு மளிகைச் சீட்டு கொஞ்சம் இளைத்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அடுப்படிக் கணக்கு இறங்கலையே!

நானாகவே பதிவு எடுத்தால், சரக்கு வாங்கும்போது கட்டின வரியை, விற்பனைக்குக் கட்டவேண்டிய வரியில் கழிக்கலாமாம். விற்பனையில் 1 சதவீதம் மட்டும் கட்டுகிற காம்பொசிஷன் திட்டத்தில் அந்தக் கழிவு கிடையாதாம். மாசாமாசம் ஆடிட்டர் கூலி போக எது கட்டுப்படியாகும்? இதே தொழிலில் இருப்பவர்கள் உங்கள் கணக்கைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்காரர் மறுபடி வருவார்.