பழைய பேனாவுக்குப் பாகம் தேடிய கதை: உங்களுக்கு என்ன நடந்தது?

மைக்கறை:
இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவின் பார்க்கர் 51, பழுப்பு நிறம். மை ஏறவில்லை என்று ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். "ஏரோமெட்ரிக்தான் சார், உள்ளே டியூப் மாத்தினா போதும்" என்று (உள்ளிருக்கும் டியூபை அழுத்தி மை ஏற்றும் வகை அது) சொல்லிக்கொண்டே நடு வளையத்துக்குக் கீழே பிடித்து ஒரு திருகு திருகினார். வரவில்லை. துணியைச் சுற்றிக் குறடு போட்டார். டிக். அவ்வளவுதான், உடம்பின் வாயிலிருந்து தலைமுடி அளவுக்கு ஒரு கோடு இறங்கிவிட்டது. பின்முனையில் தனியாகக் கழலும் சின்ன மூடி இருந்ததே, அதைத் திருகியிருந்தால் உள்ளே அழுத்தும் குமிழ் தெரிந்திருக்கும். வாக்குமாட்டிக்! அமெரிக்காவில் 1941 முதல் 1948 வரை செய்த வகை. அதில் மை நிற்கும் டியூபே கிடையாது, உடம்பு முழுக்க மைதான் நிற்கும். போயிருந்தது டயாஃப்ரம், குமிழை அழுத்தி மை ஏற்ற உதவும் ரப்பர் சவ்வு. உடம்பில் 6 என்ற எண்ணும் பக்கத்தில் புள்ளிகளும் பொறித்திருக்கின்றன, 1946 என்று அர்த்தம். பேனாவே சொல்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை.

இங்க்பாட்டில்:
எனக்கு வேறு விதம். ஆன்லைனில் ஒருவர் "51, முகப்பு மட்டும் விரிசல்" என்று போட்டிருந்தார் (முகப்பு என்றால் நிப்பை மூடியிருக்கும் முன்பகுதி). நம்பி வாங்கி, 51-க்கான முகப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். பார்சலைப் பிரித்து இரண்டையும் பக்கத்தில் வைத்த உடனே வயிறு எரிந்தது. நீளம் வேறு, மரை வேறு. பேனா பார்க்கர் 21! 51-ஐ வாங்க முடியாதவர்களுக்காக 1948-இல் வந்த தம்பி. 51-இன் நிப்பு தங்கத்தில், குழாய் வடிவில் இருக்கும். இதில் ஆக்டேனியம் என்ற உலோகக் கலவை. பிளாஸ்டிக்கும் வேறு, அதனால்தான் 21-இன் முகப்பு இப்படி வெடிக்கிறது. 51-இன் பிளாஸ்டிக்கான லூசைட் லேசில் வெடிக்காது. (குறடு போட்டால் எதுவும் வெடிக்கும், மைக்கறை சார்.) விற்றவரைக் கேட்டால், "மூடி 51 மூடிதானே?" என்கிறார்.

சிங்கைவாசி:
சுங்கை ரோடு சந்தையை 2017-இல் மூடுவதற்கு முன்பு அங்கே ஒரு பெரியவரிடம் ஷேஃபர் பேனா வாங்கினேன். டச்டவுன் (ஷேஃபரின் இன்னொரு மை நிரப்பும் முறை) என்று சொல்லித்தான் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பின்குமிழைத் திருகினால், நிப்புக்கு அடியிலிருந்து மெல்லிசாக ஒரு குழாய் வெளியே நீள்கிறது! பக்கத்தில் இருந்த மகள் கத்தியேவிட்டாள். ஸ்னார்கல், 1952-இல் வந்தது. நிப்பை மையில் முக்கவே வேண்டாம், அந்தக் குழாயை மட்டும் விட்டால் போதும். வேலியன்ட், ஸ்டேட்ஸ்மன், சென்டினல் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அந்தப் பெயரெல்லாம் மூடியையும் நிப்பையும் வைத்து. உள்ளே போகும் மைக்கான ரப்பர் பையும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நான் பெயர் தேடி அலையவே இல்லை.

ஹீரோ ரசிகன்:
எதுக்கு இவ்வளவு அலைச்சல்? 51 மாதிரியே இருக்கும் சீனப் பேனா ஹீரோ 616 ஒன்று வாங்கி அதிலிருந்து கழற்றிப் போட்டுவிடலாமே. பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கிறது.

இங்க்பாட்டில்:
ஒரே மாதிரி இருக்கிறது என்பதுதானே இங்கே எல்லாருக்கும் வந்த வினை! 616-இன் மரை 51-இல் ஏறாது.

வெர்னியர்:
என் கதை சின்னது. நிப்பு இல்லாத எஸ்டர்புரூக் ஜே பேனா ஒன்று கிடைத்தது. அதில் நிப்பு யூனிட்டாகத் திருகி வரும், நிப்பின் மேலேயே எண் இருக்கும். 9668, நடுத்தரத் தடிமன், வாங்கினேன், மாட்டினேன், எழுதுகிறது.

இப்போது எல்லாரும் கவனியுங்கள். முதலில் மூடியைத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஐம்பது அறுபது வருஷத்தில் மூடி எத்தனை பேனாவுக்கு மாறியிருக்குமோ, அதைப் பார்த்து மாடல் சொல்லவே கூடாது. எப்படி மை நிரப்புகிறது என்று பாருங்கள். 51-இல் நடுவில் சுலபமாகக் கழன்று, உள்ளே எழுத்துப் பொறித்த உலோக உறை தெரிந்தால் ஏரோமெட்ரிக். கழலவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். வாக்குமாட்டிக்கின் டயாஃப்ரத்தைக் கழற்றத் தனி ஸ்பேனர் உண்டு, அது இல்லாமல் தொடவே வேண்டாம். ஆக்டேனியம் இருந்தாலே 21 என்று இங்க்பாட்டில் சொல்வதும் சரியில்லை, 51-இன் மலிவு வகையான 51 ஸ்பெஷலிலும் ஆக்டேனியம்தான். ரப்பர் பையின் அளவு எண் என்பது அங்குலத்தில் 64-இல் எத்தனை பங்கு என்ற கணக்கு, 16 என்றால் 6.35 மி.மீ. காய்ந்துபோன பழைய பையை அளக்காதீர்கள், அது சுருங்கியிருக்கும். பை மாட்டும் காம்பை அளங்கள். ஒட்டுவதற்கு அரக்குதான், சூப்பர் குளூ வேண்டாம், நாளைக்கு இன்னொருவர் பிரிக்க வேண்டும். லூசைட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் நுண்விரிசல் விழும். இறுகிய மரைக்கு ஹேர் டிரையர் போதும்.

கறுப்புமை:
ஹேர் டிரையரா? 1930-களின் பார்க்கர் வாக்குமாட்டிக் என்ற பேனா செல்லுலாய்ட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்தது, தீப்பிடிக்கும் சாமான் அது. 51-இல் இருக்கும் வாக்குமாட்டிக் முறையும் அந்தப் பழைய பேனாவும் ஒன்றில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார், படிக்கிறவர்கள் கலந்துவிடப்போகிறார்கள்.

வெர்னியர்:
நான் 51-ஐப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். செல்லுலாய்டில் டிரையர் வையுங்கள் என்று எங்கே சொன்னேன்?

கறுப்புமை:
வைக்காதீர்கள் என்றும் சொல்லவில்லையே.