வயல்ல பூச்சிமருந்து அடிச்சா தண்ணிப் பறவைங்களுக்கு என்ன ஆகும்?

குளத்துமேடு:
ஏரியை ஒட்டுன வயல்ல மருந்து அடிச்சு மூணு நாள் ஆச்சு. நேத்து காலையில வரப்புல ஒரு உள்ளான் உக்காந்திருந்துச்சு, கிட்ட போயும் பறக்கல, றெக்கை தொங்கிப்போய் வாயிலேர்ந்து எச்சில் ஒழுகிட்டே இருக்கு, எடுக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறதுக்குள்ள தலை சாஞ்சிடுச்சு. இது மருந்துனாலதானா இல்ல வேற நோயா? செத்தது இது ஒண்ணுதான், ஆனா மத்த பறவைங்களும் ரொம்ப கொறஞ்ச மாதிரி தெரியுது.

ஈரமண்:
எச்சில் ஒழுகுதுன்னா ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்தா இருக்கலாம். நரம்பு சிக்னலை நிறுத்துற ஒரு என்சைமை அது முடக்கிடும், நரம்பு ஓயாம துடிச்சிட்டே இருந்து கடைசில மூச்சு நின்னுடும். ஆனா தண்ணிப் பறவைங்களுக்கு வர்ற பொட்டுலிசம் நோயிலயும் கழுத்தும் றெக்கையும் இப்படித்தான் துவளும், அதனால கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க. மூளையில அந்த என்சைம் எவ்ளோ இருக்குன்னு லேப்ல பாக்கணும். வெறுங்கையால தொடாதீங்க, கவர்ல போட்டு ஐஸ்ல வச்சு கால்நடை டாக்டர்கிட்ட கேளுங்க, அழுகிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. குருணை மருந்து போட்டாங்களான்னும் விசாரிங்க. கார்போபியூரான் குருணையை விதைன்னு நெனச்சு பொறுக்கிடும், சின்னப் பறவைக்கு ஒண்ணே போதும்.

முக்குளிப்பான்:
செத்ததை எண்ணி மட்டும் கணக்கு போடாதீங்க. கலிபோர்னியால கிளியர் லேக்னு ஒரு ஏரி, கொசு மாதிரி ஒரு பூச்சி தொல்லைன்னு 1949, 1954, 1957னு மூணு தடவை DDDன்னு ஒரு பூச்சிமருந்தை ஊத்துனாங்க (DDTக்கு சொந்தக்காரன்தான்). தண்ணில இருந்தது ரொம்ப ரொம்ப கொஞ்சம், ஆனா மீன் வழியா ஏறி ஏறி முக்குளிப்பான் பறவையோட கொழுப்புல 1600 பிபிஎம் (பத்து லட்சத்துல 1600 பங்கு) வரைக்கும் போயிடுச்சு. கூட்டம் கூட்டமா இருந்த பறவை, வருஷக்கணக்கா ஒரு குஞ்சு கூட தேறல.

இப்ப வர்ற நியோனிக் (நியோனிகோட்டினாய்டுங்கிற பூச்சிமருந்து வகை) மருந்துங்க வேற ரூட். தண்ணில ஈஸியா கரைஞ்சு வாய்க்கால்ல எறங்கி நீர்ப்பூச்சிங்களை காலி பண்ணும், குஞ்சுக்கு ஊட்ட எரை இல்லாம போகும். நெதர்லாந்துல 2014ல வந்த ஆய்வுல, தண்ணில இமிடாகுளோபிரிட்ங்கிற நியோனிக் லிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல இருந்த எடத்துல பூச்சி தின்ற பறவைங்க வருஷத்துக்கு சராசரியா 3.5 சதவீதம் கொறஞ்சிட்டே வந்துச்சு. மருந்துதான் காரணம்னு அது அடிச்சு சொல்லல, தொடர்பு இருக்குன்னுதான் சொல்லுது. ஐரோப்பிய யூனியன் 2018ல இமிடாகுளோபிரிட் உட்பட மூணு நியோனிக்கை திறந்த வயலுக்கு தடை பண்ணுச்சு, அது தேனீக்காக. தட்டானும் தண்ணில வளர்ற பூச்சிதான், நீங்க போய் அதை எண்ணிப் பாருங்க.

கதிர்அரிவாள்:
நானும் விவசாயிதான், எடுத்ததும் எங்க மேலயே பழி போடாதீங்கப்பா, பூச்சி விழுந்தா வெள்ளாமை மொத்தமும் போயிடும். ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன். அடிச்சு முடிச்சதும் டேங்க்கை வாய்க்கால்லயே கழுவுறாங்க பாருங்க, அதான் பெரிய அயோக்கியத்தனம், நானே ரொம்ப நாள் பண்ணிருக்கேன். மழை வர்ற மாதிரி இருந்தா அடிக்காம, தண்ணி ஓரத்துல ஒரு பட்டை நிலத்தை புல்லோட விட்டாலே ஏரிக்கு போறது நல்லா கொறையும்.

குளத்துமேடு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். பறவை ஐஸ்ல இருக்கு, காலையில டாக்டர்கிட்ட எடுத்துட்டு போறேன். சாயங்காலம் தட்டான் பாக்கப் போனேன், அரைமணி நேரம் நின்னும் ரெண்டே ரெண்டுதான். போன வருஷம் எத்தன இருந்துச்சுன்னு நான் எண்ணி வைக்கலையே, அதான் இப்ப இடிக்குது.