வெனிஸ்: தீவுக்குள் தங்குவதா, மெஸ்ட்ரேயிலிருந்து போய் வருவதா?

பயணப்பை
மே கடைசி வாரம். ஃபிளாரன்ஸிலிருந்து ரயிலில் வெனிஸ், அங்கிருந்து வியன்னா. மொத்தம் நாலு பேர். அதில் இருவர் 60 வயதைத் தாண்டியவர்கள், ஒருவருக்கு மூட்டு வலி, படி ஏறினால் சிரமம். வெனிஸ் தீவுக்கு எதிரே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்ட்ரேயில் அறை வாடகை தீவுக்குள் இருப்பதில் ஏறக்குறைய பாதி. "ஒரு நாள் போதும், மெஸ்ட்ரேயில் தங்கு" என்கிறார்கள் சிலர். "தீவுக்குள் தங்காமல் வெனிஸ் போவதே வீண்" என்கிறார்கள் வேறு சிலர். எந்தப் பக்கமானாலும் காரணத்தோடு சொல்லுங்கள்.

இரும்புப்பாதை
மெஸ்ட்ரேதான். பணத்துக்காக மட்டும் சொல்லல.

மெஸ்ட்ரேல இருந்து தீவு ஸ்டேஷன் சாந்தா லூசியாவுக்கு 10, 12 நிமிஷம். டிக்கெட் ரெண்டு யூரோவுக்குள்ள. மணிக்குப் பல வண்டி, டைம்டேபிள் பாக்கவே வேண்டாம். மாட்டிக்கற இடம் ஒண்ணுதான்: பேப்பர் டிக்கெட் வாங்கினா வண்டி ஏறறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல இருக்கற சின்ன மெஷின்ல சொருகி முத்திரை குத்தணும். போன்ல வாங்கினா ஆன்லைன்ல செக்-இன் பண்ணணும். ரெண்டும் பண்ணாம ஏறினா, கையில டிக்கெட் இருந்தாலும் அபராதம்தான்.

அடுத்தது பெட்டி. தீவுக்குள்ள கார், ஆட்டோ எதுவும் கிடையாது. 400க்கு மேல பாலம், பெரும்பாலானதுக்கு ரெண்டு பக்கமும் படி. மூட்டு வலிக்காரரோட நாலு பெட்டியையும் தூக்கிக்கிட்டு ஏறி இறங்கறதை நினைச்சுப் பாருங்க. மெஸ்ட்ரேல ஸ்டேஷன் பக்கம் எல்லாம் சமதரை.

நுழைவுக் கட்டணத்தைப் பத்தியும் தப்பா நினைக்கறாங்க. 2024ல 29 நாள், 2025ல 54 நாள் வசூல் பண்ணாங்க. 2025ல நாலு நாள் முன்னாடியே கட்டினா 5 யூரோ, அப்புறம் கட்டினா 10. மெஸ்ட்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள்ளதான் வருது. அங்க ராத்தங்கறவங்க ஹோட்டல்ல தங்கல் வரி கட்டறதால இது கிடையாது. ஆனா இணையத்துல விலக்குப் பதிவு பண்ணி க்யூஆர் கோட் எடுத்து வெச்சுக்கணும். பக்கத்து ஊர் பதுவாவுல தங்கிட்டு வர்றவங்கதான் கட்டணும்.

முக்கியமான கோயில் சான் மார்க்கோ பசிலிக்காவே சாயங்காலம் அஞ்சேகாலுக்குப் பூட்டிடும். அப்புறம் ராத்திரி எதைப் பாக்க ரெட்டிப்பு வாடகை?

உப்பங்கழி
நண்பர் சொன்ன தகவல்கள் சரி, முடிவு தவறு.

அந்த நுழைவுக் கட்டணம் எந்த நேரத்துக்கு என்று பாருங்கள்: காலை 8.30 முதல் மாலை 4 வரை. கூட்டம் எப்போது நெரிகிறது என்று நகராட்சியே எழுதிக் கொடுத்ததற்குச் சமம் அது. மெஸ்ட்ரேயிலிருந்து "ஒரு நாள்" வருபவர் பார்ப்பது அச்சு அசலாக அந்த நேரத்து வெனிஸை. ரியால்ட்டோ பாலத்தின் படிகளில் கால் வைக்க இடமிருக்காது. அதே பாலத்தில் காலை 7 மணிக்கு நின்றால் கீழே சரக்குப் படகுகள் போவதைப் பார்க்கலாம். காய்கறிக் கூடை, மினரல் வாட்டர், சலவைத் துணி மூட்டை, செங்கல் என்று ஊருக்கு வேண்டிய அத்தனையும் தண்ணீர் வழியாகத்தான் வருகிறது. இந்த ஊர் எப்படி வாழ்கிறது என்று புரிவது அந்த ஒரு மணி நேரத்தில்தான். பக்கத்து மீன் சந்தையும் காலையில்தான், செவ்வாய் முதல் சனி வரை.

மூட்டு வலி என்பது தீவுக்குள் தங்குவதற்கான காரணம், எதிரான காரணம் அல்ல. மெஸ்ட்ரேயிலிருந்து காலையில் கிளம்பினால் இரவு வரை படுக்க இடமில்லை. வெனிஸில் உட்காரும் பெஞ்சுகூடக் குறைவு, சான் மார்க்கோ சதுக்கத்தில் படியிலோ தரையிலோ உட்கார்ந்தால் அபராதம். தீவுக்குள் அறை இருந்தால் மதியம் 1 முதல் 4 வரை, கூட்டமும் வெயிலும் உச்சத்தில் இருக்கும்போது, காலை நீட்டிப் படுக்கலாம்.

பெட்டிச் சிக்கலுக்கு வழி, ஹோட்டலைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. பதிவு செய்யும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பக்கத்தில் எந்தப் படகு நிறுத்தம்? அங்கிருந்து வாசல் வரை எத்தனை பாலம்? சாந்தா லூசியாவிலிருந்து இடப்பக்கம் போகும் லிஸ்தா தி ஸ்பாஞ்ஞா தெருவில் ஒரு பாலமும் குறுக்கிடாது. முகவரியை மட்டும் நம்ப வேண்டாம். இங்கே கதவெண் தெருவுக்கு அல்ல, பேட்டைக்கு. ஊர் ஆறு பேட்டை, ஒரே பேட்டையில் எண் ஆயிரக்கணக்கில் ஓடும். "கன்னரேஜோ" என்ற பேட்டைப் பெயரும் எண்ணும் மட்டும் இருந்தால் வாசலைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சந்தின் பெயரையும் கேட்டு வாங்குங்கள்.

இரும்புப்பாதை
மதிய ஓய்வு சரியான வாதம், ஒத்துக்கறேன். நான் அதை யோசிக்கல. ஆனா ஸ்டேஷன் தெருவுல தங்கினா சான் மார்க்கோவுக்கு நடந்து அரை மணிக்கு மேல, வழியெல்லாம் பாலம். மூட்டு வலிக்காரர் படகுலதான் போயாகணும். மதியம் அறைக்குத் திரும்பி மறுபடி போனா ஒரு நாளுக்கு நாலு சவாரி. அந்தச் செலவையும் சேத்துப் பாருங்க.

சில்லறை
அந்தக் கணக்கை நான் போட்டுத் தரேன். வபொரெட்டோ என்கிற பொதுப் படகுக்கு ஒரு டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 24 மணி பாஸ் 25, 48 மணி 35, 72 மணி 45. அதாவது மூன்றாவது சவாரியிலேயே பாஸ் லாபம். பாஸ் காலண்டர் நாளைப் பார்ப்பதில்லை, முதல் முறை மெஷினில் தொட்ட நிமிஷத்திலிருந்து மணிக்கணக்கு. திங்கள் மதியம் 2 மணிக்குத் தொட்டால் 48 மணி பாஸ் புதன் மதியம் 2 வரை. வந்து இறங்கும் மதியமும் கிளம்பும் நாள் காலையும் அதிலேயே அடங்கும். 29 வயது வரை உள்ளவர்களுக்கு 6 யூரோவில் ரோலிங் வெனிஸ் அட்டை உண்டு, அதைக் காட்டினால் 72 மணி பாஸ் 27க்குக் கிடைக்கும்.

விமான நிலையத்துக்குப் போகும் அலிலகூனா படகு வேறு கம்பெனி, இந்தப் பாஸ் அதில் செல்லாது. சாதாரணப் பாஸ் விமான நிலையப் பேருந்திலும் செல்லாது.

கோண்டோலா என்னும் துடுப்புப் படகுக்கு நகராட்சி நிர்ணயித்த கட்டணம்: பகலில் 30 நிமிடம் 90 யூரோ, இரவு 7க்கு மேல் 35 நிமிடம் 110. இது படகுக்கு, ஆளுக்கு அல்ல. ஐந்து பேர் வரை ஏறலாம். ஏறும் முன் நேரத்தையும் தொகையையும் வாயால் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். பாட்டு வேண்டுமென்றால் தனிக் காசு.

இரும்புப்பாதை
90 யூரோ வேண்டவே வேண்டாம். ஊர் நடுவுல ஓடற பெரிய கால்வாய் கிராண்ட் கனாலைக் குறுக்கே கடக்க 'த்ராகெத்தோ'ன்னு ஒண்ணு இருக்கு. அதுவும் கோண்டோலாதான், கொஞ்சம் பெரிசு, முன்னால ஒருத்தர் பின்னால ஒருத்தர் துடுப்பு போடுவாங்க. ஆளுக்கு 2 யூரோ. கா தோரோ நிறுத்தம் பக்கத்துல சாந்தா சோஃபியா துறையில ஏறினா எதிர்க்கரை மீன் சந்தை.

உப்பங்கழி
த்ராகெத்தோ நல்லதுதான், ஆனால் அது கோண்டோலாவுக்கு மாற்று அல்ல. இரண்டு மூன்று நிமிடத்தில் அக்கரை. கோண்டோலாவின் அருமை வபொரெட்டோ நுழைய முடியாத குறுகிய கால்வாய்களில்தான். துடுப்பைத் தாங்கும் அந்த வளைந்த வால்நட் மரக் கட்டையைப் பாருங்கள், 'ஃபோர்க்கொலா' என்பார்கள். அதன் ஒவ்வொரு வளைவிலும் துடுப்பை மாற்றி வைத்து முன்னே, பின்னே, பக்கவாட்டில், நின்ற இடத்தில் திருப்பி என்று ஒற்றைத் துடுப்பில் 11 மீட்டர் படகை ஓட்டுகிறார்கள். நாலு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 22.50. கிராண்ட் கனால் ஓரத்தில் ஏறாமல் உள்சந்துத் துறையில் ஏறுங்கள்.

கல்தச்சன்
தங்கும் இடத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, பார்க்கும் இடத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

படி ஏற முடியாதவருக்கு சான் மார்க்கோ பசிலிக்காவில் எது இயலும், எது இயலாது என்று தெரிந்துகொண்டு டிக்கெட் எடுங்கள். தங்கத் தகட்டு வேலைப்பாடான பீடப் பலகை பாலா தோரோ கீழ்த் தளத்தில். நாலு வெண்கலக் குதிரைகள் மேல் தளத்தில், ஏறும் படி செங்குத்து. 1204இல் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து கொண்டுவந்தவை. 1797இல் நெப்போலியன் பாரிஸுக்குக் கொண்டுபோய் 1815இல் திரும்பி வந்தன. முகப்பில் நிற்பவை நகல்கள், அசல் உள்ளே. கீழ்த் தளக் கல்பதிப்புத் தரையும் சமமாக இருக்காது. நூற்றாண்டுகளாக அடிமண் இறங்கி அலை அலையாக இருக்கிறது. விதானத்துத் தங்க மொசைக்கைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கால் இடறும். நின்று பாருங்கள், பிறகு நடங்கள்.

நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் எடுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். முதுகுப் பையோடு விடமாட்டார்கள். ஞாயிறு காலை வழிபாடு, பார்வையாளருக்கு மதியம் 2 மணிக்கு மேல்தான்.

டோஜ் (பழைய வெனிஸ் குடியரசின் தலைவர்) அரண்மனைக்கு 9 மணி முதல் ஆளாகப் போங்கள். 30 நாளுக்கு முன் பதிவு செய்தால் கட்டணம் குறைவு, அதே டிக்கெட்டில் கொர்ரேர் அருங்காட்சியகமும் அடக்கம். பேரவைக் கூடத்தில் ஓவியர் டின்டொரெட்டோவின் 'சொர்க்கம்' சுவர் முழுக்க, ஏறக்குறைய 22 மீட்டர் அகலம். 1577 தீயில் பழைய ஓவியங்கள் எரிந்தபின் வரைந்தது. பெருமூச்சுப் பாலத்தை எல்லோரும் வெளியே நின்று படம் எடுக்கிறார்கள், இந்த டிக்கெட்டில் அதற்குள்ளேயே நடந்து போகலாம். கல் சல்லடையின் துளை வழியே கையகலத் தண்ணீர் தெரியும். கைதிகள் கடைசியாகப் பார்த்த வெளிச்சம் அதுதான் என்று சொல்வார்கள். அதன்பின் சிறைக்குள் படிகள் குறுகல். மூட்டு வலிக்காரர் அங்கே போகாமல் திரும்பிவிடலாம்.

இது இரண்டும் சேர்ந்தாலே ஒரு காலை முழுதும் போய்விடும். மிஞ்சிய நாளில் இன்னொரு பெரிய இடத்தைத் திணித்தால் எதுவும் மனதில் நிற்காது. இரண்டு இரவு என்று நான் சொல்வதற்குக் காரணம் உப்பங்கழி சொல்லும் அதிகாலை அழகு அல்ல, இரண்டாவது காலை. அந்தக் காலையை சான் தொமா நிறுத்தத்தில் இறங்கிச் செலவிடுங்கள். ஃப்ராரி கோயிலில் ஓவியர் டிஷியன் 1516 முதல் 1518க்குள் வரைந்த மாதா விண்ணேற்பு, எந்தப் பீடத்துக்காக வரைந்தாரோ அங்கேயே இருக்கிறது. வாசலில் இருந்தே நடுவழியில் பாருங்கள், பாடகர் தடுப்பின் வளைவு படத்துக்குச் சட்டம் போட்டது போல வரும். இரண்டு நிமிட நடையில் சான் ரோக்கோ சங்க மண்டபம். அங்கே கூரை முழுக்க டின்டொரெட்டோ. அண்ணாந்து கழுத்து வலிக்காமல் பார்க்க அவர்களே கைக்கண்ணாடி தருவார்கள், வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரும்புப்பாதை
கோபுரம் ஏறறதா இருந்தா சான் மார்க்கோ வரிசையில நிக்காதீங்க. அது 1902ல இடிஞ்சு விழுந்து 1912ல திரும்பக் கட்டினது, லிஃப்ட் உண்டு, ஆனா அங்கிருந்து அந்தக் கோபுரம் தெரியாதே! சான் சக்கரியாவுல 2ஆம் நம்பர் படகு ஏறி அடுத்த நிறுத்தம் சான் ஜார்ஜோ. அங்கயும் லிஃப்ட், வரிசை சின்னது. கோபுரம், அரண்மனை, சதுக்கம் மூணும் தண்ணிக்கு அந்தப் பக்கம் ஒரே பார்வையில. இதுல யாரும் சண்டைக்கு வரமாட்டீங்கன்னு நம்பறேன்.

உப்பங்கழி
இதில் முழு உடன்பாடு.

பயணப்பை
முரானோ, புரானோ தீவுகள் சேர்க்கலாமா? ஹோட்டல்காரர்கள் முரானோவுக்கு இலவசப் படகு தருவதாகச் சொல்கிறார்களே.

சில்லறை
அந்த இலவசப் படகு நேரே ஒரு கண்ணாடிக் கடைக்குள் கொண்டுபோய் இறக்கும். வாங்காமல் வெளியே வருவது உங்கள் சாமர்த்தியம். பாஸ் இருக்கும்போது அது எதற்கு? ஃபொண்டமெந்தே நோவே படகுத் துறையிலிருந்து முரானோ பத்து நிமிடம். 1291இல் தீ பயத்தால் கண்ணாடி உலைகளை எல்லாம் அங்கே மாற்றினார்கள்.

கல்தச்சன்
புரானோவுக்கு 12ஆம் நம்பர் படகில் ஒரு வழி முக்கால் மணி. ஏறும் வரிசையையும் சேர்த்தால் அரை நாள். வண்ண வீடுகள் அழகு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு இரவுக்காரர்கள் அதற்காக ஃப்ராரியை விட வேண்டாம். மூன்று இரவு என்றால் போங்கள், அங்கிருந்து தொர்செல்லோவுக்கும் கடந்து போய் கடைசித் தீர்ப்பு மொசைக்கைப் பாருங்கள்.

உப்பங்கழி
நம்மவர்களுக்கு ஒரு சின்ன இடம் சொல்கிறேன். ரியால்ட்டோவுக்கு வடக்கே சான் ஜொவான்னி கிரிசோஸ்தொமோ கோயிலுக்குப் பின்னால் கோர்த்தே தெல் மிலியோன் என்ற முற்றம். மார்க்கோ போலோ குடும்ப வீடு இருந்த இடம் என்று வழங்கி வருகிறது. தாமிரபரணி முகத்துக் காயல் துறைமுகத்தையும் மாபார் என்னும் தமிழகக் கடற்கரை நாட்டு முத்துக் குளிப்பையும் பற்றிச் சொன்னவர். பைசாந்தியக் கல் வளைவு ஒன்று இன்னும் நிற்கிறது. ஐந்து நிமிடம் போதும்.

மூணுவேளை
சைவக்காரர்களுக்கு: பாக்கரோ என்னும் சிறு மதுக்கடைகளில் ரொட்டித் துண்டின்மேல் வைத்துத் தரும் சிக்கெத்தி மலிவு, ஆனால் வெள்ளையாகப் பசைபோல் இருப்பது பெரும்பாலும் காட் மீன். "சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே" என்று இரண்டையும் சொல்லுங்கள்; இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வைத்துவிடுவார்கள். பட்டாணிச் சாதம் ரிஸி எ பிஸியிலும் பன்றிக்கறித் துணுக்கு இருக்கலாம், கேளுங்கள். கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) அடிப்பாக வதக்கல் கிடைத்தால் விடாதீர்கள். காபி நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. தெருக்குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

பயணப்பை
முடிவு: லிஸ்தா தி ஸ்பாஞ்ஞாவில் இரண்டு இரவு, திங்கள் மதியம் வருகை, புதன் காலை ஃப்ராரி, பிறகு வியன்னா ரயில், 48 மணி பாஸ். நவம்பரில் வேறொருவர் போகிறார், வெள்ளம் பற்றி ஒரு வரி?

உப்பங்கழி
கடல்வாயில் உள்ள மோசே வெள்ளத் தடுப்பின் 78 கதவுகள் 2020 அக்டோபரிலிருந்து வேலை செய்கின்றன. ஆனால் கடல் நீர்மட்டம் 110 செ.மீ. வரை உயரும் என்று எதிர்பார்த்தால்தான் வழக்கமாக எழுப்புவார்கள். சான் மார்க்கோ சதுக்கமோ 80 செ.மீ. சுமாருக்கே நனையத் தொடங்கும். இடைப்பட்ட நாட்களில் சதுக்கத்தில் கணுக்கால் தண்ணீர் வரலாம். நகராட்சியின் அலை முன்னறிவிப்பை முந்தின இரவு பாருங்கள். சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

இரும்புப்பாதை
நல்ல முடிவு. விடிகாலை விமானம் இருக்கறவங்களுக்கு நான் இன்னமும் மெஸ்ட்ரேன்னுதான் சொல்வேன். உங்களுக்கு வியன்னா ரயில் சாந்தா லூசியாவுலயே புறப்படுது, நின்ன வண்டியில நிதானமா பெட்டி ஏத்தலாம். ஒரு யோசனை: முதல்ல கிராண்ட் கனால் பாக்க 1ஆம் நம்பர் படகை ஸ்டேஷன் துறையில ஏறாதீங்க. ஒரு நிறுத்தம் முன்னாடி பியாட்சாலே ரோமாவுலதான் அது கிளம்புது, உக்கார இடம் கிடைக்கும். ஸ்டேஷன் பக்கத்துல இருக்கற பாலம் மூட்டுக்கு ஒத்து வராது. அதனால எதிர்த்திசைப் படகுல ஒரு நிறுத்தம் போய் இறங்கி ஏறுங்க. பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு முறை ஏறும்போதும் மெஷின்ல தொடணும், நாலு பேரும் தனித்தனியா.